கணப்புச் சட்டியும் கணக்கு நோட்டும்

மார்கழிக் குளிரில், உதகமண்டலத்திலோ குன்னூரிலோ இருக்கும் உறவினர் வீட்டுத் திருமணத்திற்கு நீங்கள் குடும்பத்தோடு செல்வதாக வைத்துக் கொள்வோம். மேட்டுப்பாளையம் கடந்து, கல்லாறு தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஏறும்போதே சமவெளியில் பழகிய உடம்பு நடுங்கத் தொடங்கிவிடுகிறது. நிக்காஹ் முடிந்து, விருந்தும் முடிந்து, இரவு படுக்கப் போகும் நேரம். வயதான பெரியம்மாவுக்குக் கம்பளி போதவில்லை. கைக்குழந்தை சிணுங்குகிறது. வந்தவர்களைக் குளிரில் விடலாமா என்று பதறும் வீட்டுக்காரர், இரும்புச் சட்டி நிறையக் கனன்று கொண்டிருக்கும் கரி நெருப்பை எடுத்து வந்து அறையின் நடுவே வைக்கிறார். "புகையெல்லாம் அடங்கிவிட்டது, இனிப் பயமில்லை" என்கிறார். சன்னல் சாத்தப்படுகிறது. கதவின் அடியில் இருக்கும் இடுக்கிலும் ஒரு பழந்துணி செருகப்படுகிறது.

அதே வீட்டின் கூடத்தில், உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பெண்ணொருத்தி போர்வையைப் போர்த்திக் கொண்டு வேதியியல் நோட்டைப் புரட்டிக் கொண்டிருக்கிறாள். "கீழ்க்காணும் சமன்பாடுகளைச் சமன் செய்க" என்று ஐந்து வினாக்கள். "இதைப் படித்து என்ன ஆகப் போகிறது?" என்று சலித்துக் கொள்கிறாள். வீட்டுப் பெரியவர்களுக்கும் அதற்கு விடை தெரியவில்லை.

விடை அடுத்த அறையில் இருக்கிறது. அந்த நோட்டில் உள்ள இரண்டு வரிகளின் பொருளை அந்த வீட்டார் உணர்ந்திருந்தால், கணப்புச் சட்டி அந்த அறைக்குள் போயிருக்காது. இது மிகைப்படுத்திக் கூறுவதன்று. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் கரி நெருப்பு மூட்டிய அறையில் உறங்கியவர்கள் விடியற்காலையில் எழாமற்போன செய்திகளை நாளேடுகளில் நீங்களும் படித்திருப்பீர்கள். அவர்களைக் கொன்றது தீயுமன்று, புகையுமன்று. கண்ணுக்குத் தெரியாத, மணமே இல்லாத ஒரு வாயு. அது எவ்வாறு பிறக்கிறது என்பதைப் பள்ளிப் பிள்ளைகளின் சமன்பாடு தெள்ளத் தெளிவாகச் சொல்லிவிடுகிறது.

ஆகவே அன்பிற்குரிய வாசகர்களே, இம்மாதம் உங்கள் பிள்ளைகளோடு அமர்ந்து, ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக் கொண்டு, இந்தக் கட்டுரையைப் படியுங்கள். கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும்.

நீலகிரிக்கு இரசாயனம் புதிதன்று

இந்த மலைக்கும் இரசாயனத்திற்கும் நெடுநாளைய உறவுண்டு. 1860-ஆம் ஆண்டை ஒட்டித் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டு வரப்பட்ட சின்கோனா மரங்கள் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் நடப்பட்டன. அவற்றின் பட்டையிலிருந்து மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான குயினின் எடுக்கப்பட்டது. குன்னூரை அடுத்த அருவங்காட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து வெடிமருந்துத் தொழிற்சாலை இயங்கி வருகிறது. யூக்கலிப்டஸ் இலையிலிருந்து வடித்தெடுக்கும் தைலத்திற்கு நம் ஊர்களில் நீலகிரித் தைலம் என்றே பெயர்.

உதகையில் 1960-இல் நிறுவப்பட்டு, 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒளிப்படம் எடுப்பதற்குப் பிலிம் தேவைப்படாத காலம் வந்தபின் அந்நிறுவனம் நலிந்து மூடப்பட்டுவிட்டது. ஆனால் அரபு நாட்டுப் பயணத்திற்காக எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் பல வீடுகளில் இன்னும் பெட்டிக்குள் இருக்கும். மருத்துவமனையில் எடுத்த எக்ஸ்ரே படங்களும் இருக்கும். அத்தகைய பிலிமின் உயிரான வேதிவினையிலிருந்தே நம் பாடத்தைத் தொடங்கலாம்.

எழுத்து வேறு, பொருள் ஒன்று

ஒவ்வொரு தனிமத்திற்கும் ஓரிரு எழுத்துகளால் ஒரு குறியீடு வழங்கும் முறையை, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவீடன் நாட்டு அறிஞர் பெர்சீலியஸ் வகுத்தார். அதுவே இன்று உலகெங்கும் வழங்குகிறது. பள்ளியிலும் தேர்விலும் உங்கள் பிள்ளைகள் எழுத வேண்டியது அந்த ஆங்கில எழுத்துக் குறியீடுகளைத்தாம். ஆயினும், ஆங்கிலம் அறியாத தாய்மார்களும் உடனிருந்து சரிபார்க்க வேண்டும் என்பதற்காக, இக்கட்டுரையில் தமிழ் எழுத்துகளையே வைத்துக் கொள்வோம். நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதி அரபுத்தமிழ் வளர்க்கவில்லையா? எழுத்து மாறினாலும் பொருள் மாறுவதில்லை.

க என்பது கரி, அதாவது கார்பன். ஆ என்பது ஆக்சிஜன், பழைய வழக்கில் பிராணவாயு. ஹ என்பது ஹைட்ரஜன். ந என்பது நைட்ரஜன். இ என்பது இரும்பு. வெ வெள்ளி, பொ பொட்டாசியம், பு புரோமின்.

இனி இரண்டு வகை எண்களை வேறுபடுத்தி அறிய வேண்டும். ஹ₂ஆ என்பது தண்ணீர். எழுத்தின் காலடியில் சிறிதாக நிற்கும் 2, ஒரு தண்ணீர் மூலக்கூறுக்குள் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் கட்டுண்டு கிடப்பதைக் காட்டுகிறது. 3ஹ₂ஆ என்று முன்னால் பெரிதாக 3 போட்டால், அத்தகைய தண்ணீர் மூலக்கூறுகள் மூன்று இருக்கின்றன என்று பொருள். அப்போது மொத்தம் ஆறு ஹைட்ரஜன் அணுக்கள், மூன்று ஆக்சிஜன் அணுக்கள். கீழே நிற்கும் சிறிய எண் பொருளின் இயல்பைச் சொல்கிறது. முன்னே நிற்கும் பெரிய எண் அளவைச் சொல்கிறது.

பிலிம் தயாரிப்பில், வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலையும் பொட்டாசியம் புரோமைடுக் கரைசலையும் ஜெலட்டினில் கலந்தார்கள். ஒளிபட்டால் மாறும் வெள்ளி புரோமைடு பிறந்தது.

வெநஆ₃ + பொபு → வெபு + பொநஆ₃

அம்புக்குறிக்கு இடப்பக்கம் இருப்பவை வினைபடு பொருள்கள், வலப்பக்கம் இருப்பவை விளைபொருள்கள். எண்ணிப் பாருங்கள். இடப்பக்கம் வெள்ளி ஒன்று, நைட்ரஜன் ஒன்று, ஆக்சிஜன் மூன்று, பொட்டாசியம் ஒன்று, புரோமின் ஒன்று. வலப்பக்கமும் அவ்வாறே. வெள்ளி தன் துணையை விட்டுப் புரோமினோடு சேர்ந்தது, அவ்வளவுதான். ஓர் அணுவும் கூடவில்லை, குறையவில்லை. எந்த எண்ணும் சேர்க்காமலே இது சமமாக இருக்கிறது. முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே இதிலிருந்து பெறும் முதற்பாடம்.

ஏன் சமமாக இருக்க வேண்டும்?

வேதிவினையில் அணுக்கள் பிறப்பதுமில்லை, மறைவதுமில்லை. துணை மாறுகின்றன, இடம் மாறுகின்றன. விறகு எரிந்து சாம்பலானால் எடை குறைந்துவிட்டதே என்று தோன்றும். குறைந்ததுபோல் தோன்றும் எடை காற்றோடு கலந்த வாயுக்களில் இருக்கிறது. மூடிய கலங்களில் வினைகளை நிகழ்த்தி, முன்னும் பின்னும் தராசில் நிறுத்து, இவ்வுண்மையை நிலைநாட்டியவர் பிரெஞ்சு அறிஞர் லவாய்சியர். அவருடைய புகழ்பெற்ற வேதியியல் நூல் 1789-இல் வெளிவந்தது. ஐந்தாண்டுகள் கழித்து, 1794-இல், பிரெஞ்சுப் புரட்சியின் கொந்தளிப்பில் அவர் தலை வெட்டப்பட்டது.

கெமிஸ்ட்ரி என்ற சொல்லே அல்கீமியா என்னும் அரபுச் சொல்வழி ஐரோப்பாவுக்குச் சென்றது என்பதை நாம் பெருமையோடு சொல்லிக் கொள்கிறோம். ஜாபிர் இப்னு ஹய்யானின் பெயரால் வழங்கும் நூல்களில் மீஸான், அதாவது தராசு, பற்றிய நூல்களும் உண்டு. ஆனால் அவை பேசும் தராசு வேறு, இன்று பள்ளியில் கற்பிக்கும் சமன்பாடு வேறு. இரண்டையும் ஒன்றெனச் சொல்லிப் பிள்ளைகளைக் குழப்ப வேண்டியதில்லை. ஒரு பெரிய மரபின் வாரிசுகள் என்ற உணர்வு, சரியாகக் கற்பதற்கு ஊக்கமாக இருந்தால் போதும்.

செருப்புச் சோடிக் கணக்கு

ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து தண்ணீராவதை எடுத்துக் கொள்வோம்.

ஹ₂ + ஆ₂ → ஹ₂ஆ

இந்த இரு வாயுக்களும் தனி அணுவாகத் திரிவதில்லை, சோடியாகவே இருக்கின்றன. கடையில் செருப்பு வாங்குவதைப் போலத்தான். ஒற்றைக் கால் செருப்பு மட்டும் வேண்டும் என்றால் எந்தக் கடைக்காரரும் தரமாட்டார்.

எண்ணுவோம். ஹைட்ரஜன் இருபுறமும் இரண்டு, சரி. ஆக்சிஜன் இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் ஒன்று. ஓர் ஆக்சிஜன் கணக்கில் வராமல் நிற்கிறது. இங்கேதான் பிள்ளைகள் பெரும்பாலும் தவறு செய்கிறார்கள். வலப்பக்கம் ஒரு சிறிய 2 சேர்த்து, ஹ₂ஆ₂ என்று எழுதிவிடுகிறார்கள். எண்ணிக்கை சமமாகிவிட்டது, பொருளோ மாறிவிட்டது! ஹ₂ஆ₂ தண்ணீரன்று. அது ஹைட்ரஜன் பெராக்சைடு. புண் கழுவவும், தலைமுடியை வெளுக்கவும் நீர்த்த கரைசலாகப் பயன்படும் மருந்து அது. தாகத்திற்குக் குடித்தால் என்னாகும்?

ஆகவே ஒரு விதியை மனத்தில் பதித்துக் கொள்ளுங்கள். கீழே நிற்கும் சிறிய எண்ணைத் தொடக் கூடாது. முன்னே நிற்கும் பெரிய எண்ணை மட்டுமே மாற்றலாம்.

வலப்பக்கம் முன்னால் 2 போடுவோம். 2ஹ₂ஆ. இப்போது ஆக்சிஜன் இருபுறமும் இரண்டு. ஆனால் வலப்பக்கம் ஹைட்ரஜன் நான்காகிவிட்டது. இடப்பக்கமும் முன்னால் 2 போடுவோம்.

2ஹ₂ + ஆ₂ → 2ஹ₂ஆ

சமன்பாடு சமமாயிற்று.

துருப்பிடித்த தகரமும் மீச்சிறு பொது மடங்கும்

தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருக்கும் லயன் வீடுகளின் தகரக் கூரையைப் பார்த்திருப்பீர்கள். மேலே பூசிய துத்தநாகம் தேய்ந்தபின், மழையிலும் பனியிலும் நனைந்து செந்நிறமாகத் துருவேறிக் கிடக்கும். துருவில் நீரும் கலந்திருக்கும். எளிமைக்காக இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த இ₂ஆ₃ என்று கொள்வோம்.

இ + ஆ₂ → இ₂ஆ₃

ஆக்சிஜன் இடப்பக்கம் இரண்டிரண்டாக வருகிறது, வலப்பக்கம் மும்மூன்றாக வருகிறது. இரண்டுக்கும் மூன்றுக்கும் மீச்சிறு பொது மடங்கு ஆறு. எனவே இடப்பக்கம் 3ஆ₂, வலப்பக்கம் 2இ₂ஆ₃. இப்போது வலப்பக்கம் இரும்பு நான்கு. இடப்பக்கம் இரும்புக்கு முன் 4 இடுவோம்.

4இ + 3ஆ₂ → 2இ₂ஆ₃

கணக்குப் பாடத்தில் படித்த மீ.சி.ம. எதற்கு என்று கேட்ட பிள்ளைக்கு இதைக் காட்டுங்கள்.

அடுப்படியில் பிறக்கும் தண்ணீர்

நம் சமையல் எரிவாயு பெரும்பாலும் புரொப்பேன், பியூட்டேன் என்னும் இரண்டின் கலவை. பியூட்டேனை எடுத்துக் கொள்வோம். அதன் வாய்பாடு க₄ஹ₁₀. நன்கு எரிந்தால் கரியமில வாயுவும் நீராவியும் கிடைக்கும்.

க₄ஹ₁₀ + ஆ₂ → கஆ₂ + ஹ₂ஆ

இத்தகைய சமன்பாட்டில் முதலில் கார்பன், பிறகு ஹைட்ரஜன், கடைசியில் ஆக்சிஜன் என்ற வரிசையைக் கடைப்பிடித்தால் குழப்பம் வராது. கார்பன் நான்கு, எனவே 4கஆ₂. ஹைட்ரஜன் பத்து, எனவே 5ஹ₂ஆ. வலப்பக்கம் ஆக்சிஜன் எட்டும் ஐந்தும் சேர்ந்து பதின்மூன்று. ஆக்சிஜனோ சோடியாக வருவது! பதின்மூன்று செருப்புக்கு ஆறரைச் சோடி வேண்டும். அரைச் சோடி கிடையாது என்பதால் எல்லாவற்றையும் இரட்டிப்பாக்குவோம்.

2க₄ஹ₁₀ + 13ஆ₂ → 8கஆ₂ + 10ஹ₂ஆ

இந்த எண்கள் வெறும் விடைகளல்ல. அணு எடை கார்பனுக்கு 12, ஆக்சிஜனுக்கு 16, ஹைட்ரஜனுக்கு 1 என்று வைத்துக் கணக்கிட்டால், 116 கிலோ பியூட்டேன் எரிவதற்கு 416 கிலோ ஆக்சிஜன் வேண்டும். நம் வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டர் முழுவதும் தீர்வதற்குள் ஏறத்தாழ 51 கிலோ ஆக்சிஜனைக் காற்றிலிருந்து எடுத்துக் கொள்கிறது. ஏறத்தாழ 22 லிட்டர் தண்ணீரை நீராவியாக வெளியிடுகிறது! குளிர்காலத்தில் உதகை வீடுகளின் சமையலறைக் கண்ணாடியில் முத்து முத்தாக நீர் கோத்து நிற்பதற்கு, கொதிக்கும் குழம்பு மட்டுமன்றி எரியும் வாயுவும் காரணம்.

அடுப்புக்கு இவ்வளவு காற்று வேண்டும் என்பதை உணர்ந்தவர்கள், சமையலறைச் சன்னலைச் சாத்தி வைக்கமாட்டார்கள். குளியலறைக்குள் எரிவாயுவில் இயங்கும் கீசரைப் பொருத்திக் கதவையும் மூடிக் கொள்ளமாட்டார்கள்.

ஒரே கரி, இரண்டு சமன்பாடுகள்

இப்போது கணப்புச் சட்டிக்கு வருவோம். வெட்டவெளியில், காற்று தாராளமாகக் கிடைக்கும் இடத்தில் கரி எரியும்போது நிகழ்வது இது.

க + ஆ₂ → கஆ₂

ஒரு கார்பன், ஒரு சோடி ஆக்சிஜன். சமமாகவே இருக்கிறது. காற்று போதாத இடத்தில் நிகழ்வது வேறு.

2க + ஆ₂ → 2கஆ

அதே கரி, அதே ஆக்சிஜன். ஆனால் இங்கே ஒரு சோடி ஆக்சிஜனை இரண்டு கார்பன் அணுக்கள் ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டுக் கொள்கின்றன. விளைவது கஆ, கார்பன் மோனாக்சைடு. கஆ₂-வுக்கும் கஆ-வுக்கும் உள்ள வேறுபாடு, காலடியில் நிற்கும் அந்தச் சின்னஞ்சிறு 2 மட்டுமே. கஆ₂ நாம் ஒவ்வொரு மூச்சிலும் வெளியிடுவது, சோடாவில் கலந்து குடிப்பது. கஆ உயிரைக் குடிப்பது. சிறிய எண்ணைத் தொடாதே என்று ஆசிரியர் அதட்டுவதன் பொருள் இப்போது விளங்குகிறதல்லவா?

மூன்றாவது சமன்பாடு ஒன்றும் உண்டு. சட்டியில் கரியை அடுக்கடுக்காகக் குவித்திருக்கும்போது, அடியில் பிறந்த கரியமில வாயு, மேலே செந்தணலாக இருக்கும் கரியின் ஊடே எழுகிறது. அப்போது அது இன்னொரு கார்பனைப் பற்றிக் கொள்கிறது.

கஆ₂ + க → 2கஆ

இதனால்தான், "புகை அடங்கிவிட்டது, பயமில்லை" என்ற பேச்சு ஆபத்தானது. கண்ணைக் கரிக்கும் புகையாவது நம்மை எழுப்பி வெளியே விரட்டும். புகையில்லாத செந்தணலோ ஓசையின்றி மோனாக்சைடைப் பெருக்குகிறது. தணலின் மேல் சிலசமயம் நீல நிறத்தில் சிறு சுடர்கள் ஆடுவதைக் கண்டிருப்பீர்கள். அது கார்பன் மோனாக்சைடு காற்றில் எரியும் சுடர். அத்தனையும் எரிந்து தீர்ந்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது.

அறைக்குள் எவ்வளவு காற்று?

10 அடி நீளம், 10 அடி அகலம், 9 அடி உயரம் உள்ள ஓர் அறை. அதன் கொள்ளளவு 900 கன அடி, அதாவது சுமார் 25 கன மீட்டர். உதகை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று அடர்த்தி குறைந்தது. சமவெளியில் உள்ளதில் ஏறக்குறைய முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான் இருக்கும். எனவே அந்த அறையில் இருப்பது சுமார் 24 கிலோ காற்று. காற்றின் எடையில் 23 விழுக்காடு ஆக்சிஜன் என்பதால், ஏறத்தாழ ஐந்தரைக் கிலோ ஆக்சிஜன்.

முதற் சமன்பாட்டின்படி 12 கிலோ கார்பன் முழுமையாக எரிய 32 கிலோ ஆக்சிஜன் வேண்டும். அப்படியானால் ஒரு கிலோவுக்கு இரண்டே முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஒரே ஒரு கிலோ கரி, அந்த அறையில் உள்ள ஆக்சிஜனில் பாதியளவை விழுங்கிவிடக் கூடியது! சன்னலும் கதவிடுக்கும் அடைபட்ட அறையில் வெளிக்காற்று வருவது அரிது. ஆக்சிஜன் குறையக் குறைய, நெருப்பு முதற் சமன்பாட்டை விட்டு இரண்டாவது சமன்பாட்டை நோக்கிச் சரிகிறது.

இனி இரத்தத்தின் கணக்கு. நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனை உடலெங்கும் சுமந்து செல்வது இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின். கார்பன் மோனாக்சைடு அதே ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கும் அதிகமான வலிமையோடு பற்றிக் கொள்கிறது. அந்த ஒரு கிலோ கரியில் 10 கிராம் கார்பன் மட்டும் மோனாக்சைடாக மாறியது என்று கொள்ளுங்கள். அறைக் காற்றின் அளவில் அது ஆயிரத்தில் ஒரு பங்கு. காற்றில் ஆக்சிஜன் ஆயிரத்தில் 210 பங்கு. ஒரு பங்கைக் கொண்டவன் 200 மடங்கு வலிமையோடு வந்தால், 210 பங்கைக் கொண்டவனுக்குச் சமமாக நிற்பான் அல்லவா? மணிக்கணக்கில் அக்காற்றைச் சுவாசித்தால் இரத்தத்தின் ஏறத்தாழப் பாதி மோனாக்சைடின் பிடிக்குள் போய்விடும். அத்தகையவர் உயிர் பிழைப்பது கடினம்.

விழித்திருப்பவருக்குத் தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், கால் தளர்ச்சி ஏதேனும் தோன்றி எச்சரிக்கலாம். உறங்குபவருக்கு அந்த எச்சரிக்கையும் இல்லை. உறக்கமே மயக்கமாகி, மயக்கமே முடிவாகிவிடுகிறது.

இல்லத்தரசிகளின் கவனத்திற்கு

மலையில் வாழ்வோர்க்கு மட்டுமான செய்தியன்று இது. பிரசவித்த பெண்ணையும் குழந்தையையும் காற்றுப் படாத அறையில் வைத்து, கணப்புச் சட்டி வைக்கும் வழக்கம் சமவெளியிலும் இருந்து வந்திருக்கிறது. கருவுற்ற பெண்களுக்கும், கருவில் இருக்கும் குழந்தைக்கும் கார்பன் மோனாக்சைடு மிகுந்த கேடு விளைவிக்கும். சாம்பிராணி போடுவதானாலும் சன்னலைத் திறந்து வைத்துச் சிறிது நேரத்தில் முடித்துக் கொண்டு, தணலை வெளியே கொண்டுபோய் அவித்துவிடுங்கள். உறங்கும்போது வீட்டில் நெருப்பை எரியவிட வேண்டாம் என்னும் கருத்தமைந்த நபிமொழியை நாம் சிறுவயது முதலே கேட்டு வருகிறோம். அதைச் செயலில் காட்டும் இடம் இது.

சுற்றுலா செல்லும் இளைஞர்கள் வெளியில் இறைச்சி சுட்டுத் தின்றபின், மிஞ்சிய தணல் வீணாகிறதே என்று அடுப்போடு அறைக்குள் எடுத்துச் செல்வதும் உண்டு. அவர்களிடம் இதைக் கட்டாயம் எடுத்துச் சொல்லுங்கள். குளிருக்குக் கம்பளியும், வெந்நீர் நிறைத்த ரப்பர் பையும், மின்சார ஹீட்டரும் இருக்கின்றன. கணப்பு மூட்டியே ஆக வேண்டும் என்றால், புகைபோக்கி அமைந்த கணப்படுப்பில் மூட்டுங்கள். அல்லது முற்றத்தில் மூட்டிக் குளிர்காய்ந்துவிட்டு, நெருப்பை வெளியிலேயே விட்டுவிட்டு உள்ளே வாருங்கள்.

அத்தகைய அறையில் எவரேனும் மயங்கிக் கிடக்கக் கண்டால், உடனே கதவு சன்னல்களைத் திறந்து, அவரை வெளிக்காற்றுக்குத் தூக்கி வாருங்கள். தூக்கச் செல்பவரும் உள்ளே நேரம் கடத்தக் கூடாது. 108-க்குத் தகவல் கொடுங்கள். கண் விழித்துவிட்டார், இனிக் கவலையில்லை என்று வீட்டிலேயே வைத்துக் கொள்ளாதீர்கள். இரத்தத்தில் புகுந்த மோனாக்சைடு, சாதாரணக் காற்றில் பாதியளவு நீங்கவே நான்கைந்து மணி நேரம் ஆகும். மருத்துவமனையில் தூய ஆக்சிஜன் கொடுத்தால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் பாதியளவு நீங்கிவிடும்.

பிள்ளைகளுக்கு மூன்று பயிற்சிகள்

வேறு தாளில் எழுதிச் சமன் செய்யட்டும். விடைகளை நீங்கள் மறைத்து வைத்துக் கொள்ளுங்கள்.

முதலாவது, தேயிலைத் தோட்டங்களுக்கு இடும் தழைச்சத்து உரங்களுக்கு மூலப்பொருளான அம்மோனியா: ந₂ + ஹ₂ → நஹ₃.

இரண்டாவது, சமையல் எரிவாயுவின் மற்றொரு பகுதியான புரொப்பேன் எரிதல்: க₃ஹ₈ + ஆ₂ → கஆ₂ + ஹ₂ஆ.

மூன்றாவது, தணலின் மேல் ஆடும் நீலச் சுடர்: கஆ + ஆ₂ → கஆ₂.

விடைகள்: ந₂ + 3ஹ₂ → 2நஹ₃. க₃ஹ₈ + 5ஆ₂ → 3கஆ₂ + 4ஹ₂ஆ. 2கஆ + ஆ₂ → 2கஆ₂.

பிள்ளை தவறு செய்தால் கடிந்து கொள்ள வேண்டாம். சிறிய எண்ணை மாற்றிவிட்டதா என்று மட்டும் பாருங்கள். மாற்றியிருந்தால், தண்ணீர் மருந்தான கதையையும், கரியமில வாயு நஞ்சான கதையையும் நினைவூட்டுங்கள். பிறகு அது மறக்காது.

அந்தக் கல்யாண வீட்டுக்குத் திரும்புவோம். கூடத்தில் அமர்ந்து சமன்பாடு எழுதிக் கொண்டிருந்த பெண், நோட்டை மூடிவிட்டு எழுகிறாள். "பெரியம்மா படுக்கிற அறையிலிருந்து நெருப்பை வெளியில் எடுத்து வைத்துவிடுங்கள், அத்தா" என்கிறாள். ஏன் என்று அவர் கேட்டால், இரண்டே வரிகளில் அவளால் எழுதிக் காட்ட முடியும். வரும் குளிர்காலத்திற்கு முன்பே உங்கள் வீட்டுப் பிள்ளையும் அவ்வாறு எழுதிக் காட்டும் நிலையை அடையட்டும்.